ஒரு புள்ளியால் மதுரைக்கு இரண்டு நடை

டவுன்ஹால் ரோடு பக்கம் மாமாவின் பிரஸ்ஸில் உள்ள கம்ப்யூட்டரை உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) 20.04-லிருந்து 22.04-க்கு ஏற்றினேன். பழையதற்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அப்கிரேடு நன்றாகத்தான் போனது. நடுவில், 'சுடோயர்ஸ் ஃபைல் மாற்றப்பட்டிருக்கிறது, புதியதை வைக்கவா?' என்று கேட்டது. எந்தக் கட்டளையை யார் நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டலாம் என்று சொல்லும் ஃபைல் அது. நான் 'ஒய்' தட்டினேன். அதுதான் வினை.

மறுநாள் காலையிலேயே போன். "மாப்ளே, பிரிண்டர் சிக்கினா தட்டுற பட்டன் பாஸ்வேர்டு கேக்குதுடா. ஆவணி முகூர்த்தப் பத்திரிகையெல்லாம் அப்படியே நிக்குது!"

அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருப்பது நான் எழுதிய ஆறு வரி ஸ்கிரிப்ட். அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் சேவையை நிறுத்தி, தேங்கியதை அழித்து, மறுபடி தொடங்கும். அதற்கு ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும். பாஸ்வேர்டு கேட்காமல் ஓடவிடும் 'நோபாஸ்வேர்டு' வரி பழைய சுடோயர்ஸோடு போய்விட்டது. நல்லவேளை, 'டிபிகேஜி-ஓல்டு' என்ற வாலோடு பழைய ஃபைல் அங்கேயே இருந்தது.

மேலூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். அடுத்த அப்கிரேடிலும் வரி தப்பிக்கட்டும் என்று 'சுடோயர்ஸ்.டி' ஃபோல்டருக்குள் தனி ஃபைலாகப் போட்டேன். பெயர் 'பிரிண்டர்.கான்ஃப்'. அதே டெர்மினலில் ஓட்டிப் பார்த்தேன், பாஸ்வேர்டு கேட்கவில்லை. சரி, வேலை முடிந்தது என்று மாட்டுத்தாவணி வந்து பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த நாள் அதே போன், அதே புலம்பல். மறுபடி மதுரை.

ஒரு மணி நேரம் தலையை உடைத்த பிறகுதான் புரிந்தது. அந்த ஃபோல்டரில் பெயரில் புள்ளி இருக்கும் ஃபைலை, ரூட் அனுமதியோடு கட்டளைகளை ஓட்டித் தரும் சுடோ படிக்கவே படிக்காது. பிழைச் செய்தியும் வராது. அப்படியானால் முதல் நாள் எப்படி ஓடியது? ஃபைலை எழுதும்போது நான் கொடுத்த பாஸ்வேர்டை சுடோ 15 நிமிடம் நினைவில் வைத்திருந்தது, அவ்வளவுதான். தயவுசெய்து 'சுடோ -கே' கொடுத்து அந்த நினைவை அழித்துவிட்டுச் சோதியுங்கள். 'சுடோ -எல்' கொடுத்தால் உங்கள் வரி ஏற்கப்பட்டதா என்றும் தெரிந்துவிடும்.

இந்த ஃபைலை, பிழை இருக்கிறதா என்று சோதித்துச் சேமிக்கும் 'விசுடோ' மூலம் மட்டுமே திருத்துங்கள், அனுமதி 0440 (உரிமையாளரும் குழுவும் படிக்க மட்டும்) இருக்கட்டும். ஸ்கிரிப்டுக்கு ரூட்தான் உரிமையாளர், வேறு யாரும் எழுத முடியக்கூடாது. இல்லையென்றால் அதைத் திருத்தத் தெரிந்தவன் கையில் மொத்த மெஷினும் போய்விடும். யார் ஓட்டினாலும் உரிமையாளரின் அனுமதியோடு ஓடவைக்கும் 'செட்யுஐடி' குறியை வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஷெல் ஸ்கிரிப்டுக்கு லினக்ஸ் அதை மதிக்காது.

புள்ளியை எடுத்து வெறும் 'பிரிண்டர்' என்று பெயர் மாற்றினேன். கவுண்டர் தம்பியைக் கூப்பிட்டுப் பட்டனைத் தட்டச் சொன்னேன். எதுவும் கேட்கவில்லை. அப்புறம் மாமா அனுப்பிய முதல் பத்திரிகை, ஓரம் மஞ்சளாக, சூடாக வெளியே வந்தது.