290 வாட் பெட்டிக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்ட்

புதுக்குடியிருப்பில் என் ஸ்டூடியோவில் நிற்பது டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020 கொம்பியூட்டர். ஐ5-4590, 16 ஜிபி ராம். கொழும்பில் ஏதோ அலுவலகத்தில் ஓடிவிட்டுப் பாவித்த பெட்டியாக என்னிடம் வந்தது. கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாம் இதில்தான் எடிட் செய்தேன். போன வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை வீடியோ எடுத்து வந்தபோதுதான் பெட்டி மறுத்தது. கற்பூரச் சட்டி ஏந்தி வரும் பெண்களின் முகத்தில் மட்டும் வெளிச்சம், சுற்றிவர ஒரே இருட்டு. அந்த இருட்டைக் கொஞ்சம் திறந்து காட்ட, டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் நிறத் திருத்தம் இரண்டு மூன்று போட்டவுடனே ‘ஜிபியு மெமரி ஃபுல்’ என்று வந்து நிற்கும். சிபியுவோடு ஒட்டி வரும் எச்டி 4600 கிராபிக்ஸை வைத்துக்கொண்டு அதற்கு மேல் போக வழியில்லை.

தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்ட் போட வேண்டும். எந்தக் கார்ட் நல்லது என்று ஒரு கிழமை ஆட்களைக் கேட்டுத் திரிந்தேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் பெறாமகன் வந்து பக்கத்து மூடியைக் கழற்றி, பவர் சப்ளையில் ஒட்டியிருந்த லேபிளைக் காட்டினான். 290 வாட். கார்டுக்குத் தனியாக மின் கொடுக்கும் 6 பின் வயர் அதில் இல்லை. “சித்தப்பா, கார்டைப் பிறகு பாருங்கோ. முதல் இதை வாசியுங்கோ.”

வேறு பவர் சப்ளை வாங்கிப் போடலாமே என்றேன். அதுவும் சரிவரவில்லை. சந்தையில் விற்கும் பவர் சப்ளைகளில் மதர்போர்டுக்குப் போவது 24 பின் வயர். இந்த டெல்லில் 8 பின். இடையில் ஒரு மாற்றி வயர் போட வேண்டும். கரண்ட் ஏறி இறங்கும் எங்கள் பக்கத்தில் அப்படி ஒட்டுப்போட்டு வேலை செய்ய எனக்கு மனமில்லை. ஆகவே மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட் தரும் 75 வாட்டுக்குள் ஓடும் கார்ட்தான் வேண்டும். ஹார்ட் டிஸ்க் கூட்டில் இடிக்காமல் இருக்க, ஒற்றை விசிறி வைத்த சின்னக் கார்டாகவும் இருக்க வேண்டும்.

அதோடு பட்டியல் சுருங்கிவிட்டது. ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்தான், ஆனால் எடிட் செய்த வீடியோவைச் சுருக்கி ஃபைலாக எழுதும் (என்கோட்) பகுதியே அதில் இல்லை. ஸ்லொட்டின் 16 பாதையில் 4 மட்டும்தான் பாவிக்கும், பழைய போர்டில் அது இன்னும் இழுபடும். வீடியோ வேலைக்கு அது ஆகாது. மிஞ்சியவை 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐயும் 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650உம். இரண்டும் 4 ஜிபி, இரண்டும் 75 வாட்.

கிளிநொச்சியில் ஒரு இடத்தில் 1050 டிஐ மலிவாகக் கிடைத்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் நீல நிற விஜிஏ சொக்கட். என் பழைய மொனிற்றரில் இருப்பதும் விஜிஏ மட்டும்தான், எனவே மனம் குளிர்ந்துவிட்டது. பெறாமகன் முகம் மாறியது. விஜிஏ அனலாக் சிக்னலில் ஓடுவது, அந்த வரிசைச் சிப்பில் அனலாக் வெளியீடே கிடையாது, பிறகு விஜிஏ எப்படி வந்தது என்று என் காதில் சொன்னான். மேல் விளிம்பில் 6 பின் சொக்கட் வேறு. அங்கேயே ஒரு கொம்பியூட்டரில் போட்டு, கார்டில் உண்மையில் என்ன சிப் இருக்கிறது என்று காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தோம். பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று வந்தது. சிப்பின் இடத்தில் ஜிஎஃப்116, அதாவது 2011இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ. அது 116 வாட் இழுக்கும் கார்ட். கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றி எழுதிப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். விற்றவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அன்று நான் தனியாகப் போயிருந்தால் காசைக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். பாவித்த கார்ட் வாங்கப் போகிறவர்கள் ஜிபியு-இசட்டை ஒரு பென்டிரைவில் கொண்டு போங்கள். ஓடவிட்டுப் பார்க்க விடாத இடத்தில் வாங்கவே வேண்டாம்.

அசல் 1050 டிஐ இன்னொருவரிடம் இருந்தது. ஆனால் அந்த வரிசைக்கு வழமையான புது டிரைவர்கள் 2025 ஒக்டோபரோடு நின்றுவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும். 1650 அந்த வெட்டுக்குள் விழவில்லை. கொஞ்சம் கூடக் கொடுத்து அதையே எடுத்தேன், 6 பின் சொக்கட் இல்லாத மொடலாகப் பார்த்து. 1650இலும் சில மொடல்களுக்கு 6 பின் உண்டு, பெயரை மட்டும் கேட்டு வாங்கிவிடக் கூடாது.

வீட்டில் கார்டைப் பொருத்த முதல் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்தோம். அது ஓடும்போது கரண்ட் நின்றால் மதர்போர்டே போய்விடும் என்பதால் யுபிஎஸ்ஸை நிறையச் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் தொடங்கினோம். உள்ளே படிந்திருந்த செம்மண் தூசியைப் பெயின்ட் பிரஷால் தட்டி எடுக்க ஒரு மணித்தியாலம் போனது. கார்ட் ‘டிக்’ என்று இருந்துவிட்டது.

அப்புறம் மொனிற்றர். மேசை லாச்சியில் கிடந்த டிவிஐ–விஜிஏ மாற்றியைச் செருகப் பார்த்தேன், போகவில்லை. கிட்டப் பிடித்துப் பார்த்தால், மாற்றியின் தட்டைப் பின்னைச் சுற்றி நான்கு சின்னப் பின்கள். கார்டில் அந்த நான்குக்கும் துளை இல்லை. அனலாக் சிக்னல் வருவது அந்த நான்கு பின்களில்தான். உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ–விஜிஏ கொன்வேர்ட்டர் ஒன்று வாங்கி வந்த பிறகுதான் திரை வெளித்தது.

அன்றிரவே பொங்கல் வீடியோவைத் திறந்தேன். அதே இடம், அதே திருத்தங்கள், அதற்கு மேல் இன்னும் இரண்டு. நிற்காமல் ஓடியது. கற்பூரச் சட்டிக்குப் பின்னால், இதுவரை கறுப்பாகக் கிடந்த இடத்தில், பேரப்பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா நிற்கிறார். படம் எடுத்த எனக்கே அவர் அங்கே நின்றது தெரியாது.