காப்புக்காட்டுக்குள்ளே சாலை: மாவட்டத்திலேயே அனுமதி வாங்கிய அனுபவம்

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில் எங்கள் ஊரைப் போல இன்னும் சில ஊர்களுக்கு வண்டி போகிற பாதை கிடையாது. கேட்டால் வருகிற பதில் ஒன்றுதான்: "நடுவுல காப்புக்காடு இருக்குதுங்க, டெல்லியில அனுமதி கொடுத்தாத்தான் ஆகும்." நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் என் அப்பாவுக்குச் சொன்ன அதே பதிலை, என் மகள் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் எனக்கும் சொன்னார்கள்.

அந்தப் பதில் பாதி உண்மை. 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். ஆனால் காட்டை நம்பி வாழ்கிறவர்களின் உரிமைக்காக 2006-இல் வந்த வன உரிமைச் சட்டத்தில் பிரிவு 3(2) என்று ஒன்று இருக்கிறது. முந்தைய சட்டம் என்ன சொன்னாலும் சரி என்று தொடங்கித்தான் அந்தப் பிரிவே எழுதப்பட்டிருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை, சமுதாயக் கூடம் என மொத்தம் 13 வகை வசதிகளுக்குக் காட்டு நிலத்தை மாவட்ட அளவிலேயே விடுவிக்கலாம். நிபந்தனைகள் நான்கு. ஒவ்வொரு பணிக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. வசதி அரசு நடத்துவதாக இருக்க வேண்டும். கிராம சபை பரிந்துரைக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையின் அருமை எங்களுக்குப் போகப் போகத்தான் விளங்கியது. மேலே எஸ்டேட் வைத்திருக்கிற ஒருவர், "கவுண்டரே, எதுக்கு ஆபீஸ் ஆபீஸா அலையறீங்க, நானே மண் ரோடு போட்டுத் தர்றேன், நீங்க ஊர்ல கையெழுத்து மட்டும் வாங்கிக் கொடுங்க" என்று ஊர்த் தலைவரான எங்கள் ஊர்க்கவுண்டரிடம் ஆள் விட்டார். நல்ல மனசோடு சொன்னாரோ, விடுதி கட்டுகிற கணக்கோடு சொன்னாரோ, எனக்குத் தெரியாது. தனியார் போடுகிற சாலைக்கு 3(2) பொருந்தாது என்று ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்ப முடிந்தது.

நான் எங்கள் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள். சேலத்தில் பி.காம். படித்தேன் என்ற ஒரே காரணத்துக்காக சாலைக்கு அனுமதி வாங்குகிற வேலையும் என் தலையில் விழுந்தது. முதலில் ஊராட்சி அலுவலகத்தில் பழைய தீர்மானப் புத்தகங்களைப் பார்க்கக் கேட்டேன். செயலர் அண்ணன் எடுத்துக் கொடுத்தார். வருடா வருடம் எங்கள் ஊர் சாலை தீர்மானத்தில் இருக்கிறது. "மேற்படி கிராமத்திற்குச் சாலை வசதி செய்து தர வேண்டும் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." அவ்வளவுதான். எங்கிருந்து எங்கே, எத்தனை மீட்டர், எவ்வளவு அகலம், காடு எவ்வளவு, பட்டா எவ்வளவு, எந்தத் துறை போடப்போகிறது, ஒன்றும் இல்லை. இப்படி ஒரு தாளை வைத்துக்கொண்டு நல்ல அதிகாரி வந்தாலும் என்ன செய்வார்? அளவு இல்லாத தீர்மானம் வெறும் மனு என்றுதான் நான் இப்போது நினைக்கிறேன். சட்டம் கிராம சபைக்குக் கொடுத்திருப்பது பரிந்துரைக்கும் அதிகாரம். எதைப் பரிந்துரைக்கிறோம் என்று எழுதினால்தான் அது அதிகாரம்.

அதனால் அளந்தோம். காட்டுக்குள் அளக்கப் போகிறோம் என்று வனவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம். வனக்காப்பாளர் தம்பி ஒருவர் கூடவே வந்தார். கீழே பேருந்து நிற்கிற இடத்திலிருந்து ஊர் வரைக்கும் ஒற்றையடிப் பாதை 2.3 கிலோமீட்டர். அதில் மேல்பக்கம் 400 மீட்டர் பட்டா நிலம், மீதி 1.9 கிலோமீட்டர் காப்புக்காடு.

ஊராட்சி ஒன்றியத்து ஓவர்சியர் மலைப்பகுதி கிராமச் சாலைக்கு வழக்கமான 6 மீட்டர் அகலத்தில் மதிப்பீடு போட்டு வைத்திருந்தார். 1900-ஐ 6-ஆல் பெருக்கினால் 11,400 சதுர மீட்டர், அதாவது 1.14 ஹெக்டேர். ஒரு ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. இந்தக் கணக்கோடு போயிருந்தால் கோப்பு நிஜமாகவே டெல்லிப் பக்கம் திரும்பியிருக்கும்.

"ரெண்டு வேலையாப் பிரிச்சுப் போட்டுக்கலாமே" என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. எனக்கு அதில் இஷ்டமில்லை. ஒரே சாலையை இரண்டாகக் காட்டினால் எவராவது ஒருவர் ஆட்சேபணை எழுதினாலே போதும், இரண்டும் விழும். தவிர, ஒரு ஹெக்டேர் என்ற வரம்பு காட்டுக்காக வைத்தது. அந்தக் காட்டிலிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம்.

அகலத்தை 4.5 மீட்டராகக் குறைக்கலாம் என்று நாங்களே சொன்னோம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க நான்கு இடம், மரமில்லாத பாறைப் பக்கமாகப் பார்த்து, ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் கூடுதல் அகலம். மொத்தம் 8,700 சதுர மீட்டர், 0.87 ஹெக்டேர். ஓவர்சியர் முதலில் முகம் சுளித்தார். பேருந்து வராதே என்றார். எங்களுக்குப் பேருந்து வேண்டாம் சார், 108 வந்தால் போதும் என்றோம். பிரசவ வலி எடுத்த பெண்ணை டோலி கட்டித் தூக்கிப் போகிற ஊரில் சாலையின் அகலத்தைத் தீர்மானிப்பது ஆம்புலன்ஸின் அகலம்தான்.

மரக் கணக்கு சுவாரசியமானது. 0.87 ஹெக்டேருக்கு 65 மரம் வரை வெட்டலாம். 6 மீட்டரில் நேராக இழுத்த கோட்டில் 80-க்கு மேல் வந்தது. 4.5 மீட்டரில், பெரிய நாவல் மரங்களும் ஒரு வேங்கையும் நிற்கிற இடங்களில் வளைத்துக்கொண்டு போனதும் 41 ஆகக் குறைந்தது. மரத்தில் பெயின்ட் அடிக்கவோ வெட்டுக்குறி போடவோ நமக்கு அதிகாரமில்லை. பழைய சேலைத் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டு எண்ணினோம். இந்த வேலையில் ஊர்க்கவுண்டர் மாமாவை மிஞ்ச ஆளில்லை. எந்த மரம் எந்த வருடம் காய்த்தது என்பது வரை சொல்வார்.

அடுத்தது கிராம சபை. இங்கேதான் பல ஊர்க் கோப்புகள் சறுக்குகின்றன என்று பின்னால் கேள்விப்பட்டேன். 2024 அக்டோபர் 2 கிராம சபையில், அளவெல்லாம் எழுதி, ஊராட்சி முழுவதற்குமான கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகைக்கு 200 பேர் வந்தால் கோரம் என்கிற குறைவெண் வரம்பு நிறைவேறிவிடும். நிறைவேறியது. ஆனாலும் தீர்மானம் திரும்பி வந்தது. ஊராட்சிச் சட்டத்தின் கணக்கு வேறு, வன உரிமைச் சட்டத்தின் கணக்கு வேறு. வன உரிமைச் சட்டத்தில் கிராம சபை என்றால் அந்தக் குக்கிராமத்தின் 18 வயது நிரம்பிய எல்லோரும். அதில் பாதிப் பேராவது உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்படி 186 பேர். ஆக 93 பேர் வேண்டும்.

கேட்கச் சின்ன எண்ணாகத்தான் இருக்கும். நவம்பரிலிருந்து காப்பிப் பழம் பறிக்கிற சீசன். விடிந்தால் ஆள் எஸ்டேட்டில். இளவட்டங்களில் பாதி கேரளாவிலும் குடகிலும் மிளகு பறிக்கப் போயிருப்பார்கள். எல்லோரும் ஊர் திரும்புவது பொங்கலுக்குத்தான். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஊர் மட்டத்தில் சிறப்புக் கிராம சபை கேட்டோம்.

அதற்குள் 2025 ஜனவரி பிறந்து, ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலராகியிருந்தார். சாலை போடப்போகிற ஒன்றியமும் அவர் கையில், கூட்டம் கூட்டுகிற ஊராட்சியும் அவர் கையில். கையெழுத்துக்கு ஒரே மேசை என்பதால் எங்களுக்கு வேலை சுலபமானது, மறுக்கவில்லை. ஆனால் வசதி கேட்கிறவரும் அதைப் பரிந்துரைக்கிற சபையைக் கூட்டுகிறவரும் ஒரே ஆள் என்பது நல்ல ஏற்பாடு இல்லை. நாளைக்கே ஊருக்குப் பிடிக்காத திட்டம் ஒன்று வந்தால் இதே ஏற்பாடு எங்களுக்கு எதிராகவும் வேலை செய்யும்.

கூட்டத்துக்கு 121 பேர் வந்தார்கள். பெண்கள்தான் அதிகம். எல்லாம் கைதட்டி முடியும் என்று நினைத்த இடத்தில் ஒரு பாட்டி எழுந்தார். "ரோடு வந்தா ஆம்புலன்சு மட்டுமா வரும் கண்ணு? ராத்திரியில மரம் ஏத்த வண்டி வரும். காருல வந்து நிலம் வெல கேக்கறவனும் வருவான். அப்ப என்ன பண்ணுவீங்க?" யாரும் உடனே பதில் சொல்லவில்லை. ஏற்காட்டில் சாலை போன பக்கமெல்லாம் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

அரை மணி நேரத்துக்கு மேல் அதைப் பற்றியே பேசினோம். கடைசியில் தீர்மானத்தில் மூன்று வரி கூட்டினோம். காப்புக்காடு தொடங்குகிற இடத்தில் சங்கிலிக் கதவு. இரவில் அதன் சாவி வனத்துறையிடமும் ஊர் வன உரிமைக் குழுவிடமும் இருக்கும். ஊற்றுக்கு மேல்பக்கம் மண் எடுக்கக் கூடாது. சாலை ஓரத்தில் கடை போடக் கூடாது. இதற்கெல்லாம் எங்களுக்கு அதிகாரம் உண்டா என்று செயலர் அண்ணன் தயங்கினார். அதே சட்டத்தின் பிரிவு 5, காட்டையும் வனவிலங்குகளையும் நீர்ப்பிடிப்பையும் காக்கிற அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். எழுதினார். பின்னால் வனச்சரகர் ஆய்வுக்கு வந்தபோது முதலில் படித்துக் காட்டச் சொன்னது இந்த மூன்று வரியைத்தான். பாட்டி எதிர்த்துப் பேசியதால்தான் எங்கள் கோப்பு கனமானது என்பேன்.

அதற்குப் பிறகு நடந்தது தாள் வேலை. யூசர் ஏஜென்சி, அதாவது வசதியைக் கட்டப்போகிற அரசு அமைப்பு, எங்கள் விஷயத்தில் ஒன்றியம், ஏ படிவத்தை நிரப்பித் தீர்மான நகலோடு வனச்சரகரிடம் கொடுக்க வேண்டும். அவர் இடத்தைப் பார்த்து, மரங்களை எண்ணி, மூன்று வாரத்துக்குள் பி படிவத்தில் தம் கருத்தை மாவட்ட வன அலுவலருக்கு அனுப்ப வேண்டும். அவர் நான்கு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவருக்கு உடன்பாடில்லை என்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழு தீர்மானிக்கும். மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் 2009-இல் வெளியிட்ட நடைமுறை இது. அந்தச் சுற்றறிக்கையின் நகல் கையில் இருப்பது நல்லது. ஒரு அலுவலகத்தில் எங்கள் தாள் சும்மா கிடந்தது. இந்தப் படிவத்தையே தாம் பார்த்ததில்லை என்றார்கள். சண்டை போடவில்லை. நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினோம். தேதி போட்ட முத்திரை விழுந்ததும் வாரக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

வனச்சரகர் எண்ணியபோது 43 மரம் வந்தது. நாங்கள் இரண்டு இளங்கன்றுகளை விட்டிருந்தோம், அவர் சேர்த்தார். மற்றபடி எங்கள் அளவும் அவர் அளவும் ஒத்துப்போனதால் மறு அளவை என்று யாரும் சொல்லவில்லை. அனுமதி கோடைக்குள் வந்து, கல் நட்டு எல்லை குறித்துக் கொடுத்தார்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: எல்லை குறித்து ஒப்படைத்து ஓராண்டுக்குள் வேலை தொடங்காவிட்டால் மறுபடி புதிதாக அனுமதி கேட்க வேண்டும். நிதி ஒதுக்கீடு மார்ச் மாதக் கணக்கில் ஓடும், மலையில் மழை தன் கணக்கில் பெய்யும். அதனால் அனுமதி கைக்கு வருவதற்கு முன்பே ஒப்பந்தப்புள்ளி பற்றி ஒன்றியத்தில் பேசி வையுங்கள்.

இப்போது காட்டுக்குள் 1.9 கிலோமீட்டருக்கும் ஜல்லி பரப்பியாகிவிட்டது. சங்கிலிக் கதவும் போட்டாயிற்று. மிச்சமிருப்பது மேல்பக்கம் 400 மீட்டர் பட்டா நிலம். அதில் சாலைக்கான பகுதியை ஊராட்சி பெயருக்குத் தானமாக எழுதிக் கொடுத்தால்தான் ஒன்றியம் அங்கே வேலை செய்யும். எங்கள் ஊர்க்காரர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சென்னையில் இருக்கிற ஒரு நிலக்காரர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தை மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். 43 மரத்துக்கும் காட்டுக்கும் அரசாங்கத்திடம் வாங்கிய அனுமதியை விட இவர் கையெழுத்துக்குத்தான் நாங்கள் அதிகம் போன் செய்துகொண்டிருக்கிறோம்.