கேரட்டை எடுக்கிற வாரம்

செப்டம்பர் 8, 2025, இரவு

சாக் 5.6.1, டீபக் 4.4.2. ஜாவாஸ்கிரிப்ட் ஆப்களுக்குள் இழுத்துப் போடுகிற ரெடிமேட் கோட் பேக்கேஜ்கள். இரண்டிலும் விஷம். பராமரிப்பவருக்கு, பேக்கேஜ்களை விநியோகிக்கிற என்பிஎம் அனுப்பியது போலவே ஒரு போலி மெயில் போய், அவர் கணக்கைப் பறித்து 18 பேக்கேஜ்களில் கைவைத்திருக்கிறார்கள். பிரவுசரில் கிரிப்டோ அனுப்பினால் போய்ச் சேரும் முகவரியையே மாற்றிவிடுமாம். எங்கள் ஆப்பில் கிரிப்டோ இல்லை. அக்கா இன்னும் போன் செய்யவில்லை.

செப்டம்பர் 9

எங்கள் ஆப்பில் டீபக் எங்கெல்லாம் இருக்கிறது என்று 'என்பிஎம் எல்எஸ் டீபக்' அடித்துப் பார்த்தேன். நாங்கள் கேட்கவே கேட்காத பேக்கேஜ், எத்தனை கிளைகளில் தொங்குகிறது! எக்ஸ்பிரஸ் 4 என்கிற பேக்கேஜுக்குக் கீழே 2.6.9, கேரட் (புது வெர்ஷன் வந்தாலும் சரி என்கிற ^ குறி) போடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள், அசையாது. மற்ற இடங்களில் எல்லாம் ^4 என்று கேட்டு, எந்த வெர்ஷன் என்று துல்லியமாகக் குறித்து வைக்கிற லாக் ஃபைல் புண்ணியத்தில் 4.4.1-ல் நிற்கிறது.

செப்டம்பர் 10

எங்களுக்கு வேண்டிய பேக்கேஜ்களின் பட்டியலான பேக்கேஜ் டாட் ஜேசனில் இருக்கிற ^ எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் போதும் என்கிறார் டீம் லீட். எடுக்கலாம், நல்லதுதான், ^4.4.1 என்றால் 5.0.0-க்குக் கீழே எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும், ~ போட்டால் 4.5.0-க்குக் கீழே, ஆனால் நாங்கள் எடுப்பது எங்கள் ஃபைலில் உள்ள கேரட்டை மட்டும்தானே, உள்ளே இழுத்து வருகிற ஒவ்வொன்றும் தன் ஃபைலில் தனியாகக் கேரட் வைத்திருக்கிறதே, அதை யார் எடுப்பது? அதற்குத்தான் லாக் ஃபைல். சரி, அதுதான் இருக்கிறதே என்று சர்வரில் ஓடுகிற இமேஜைக் கட்டும் டாக்கர்ஃபைலைத் திறந்தால், பேக்கேஜ் டாட் ஜேசனை மட்டும் காப்பி செய்து 'என்பிஎம் இன்ஸ்டால்' அடிக்கிறது. லாக் ஃபைல் இமேஜுக்குள் போகவே இல்லை! எழுதியவர் வேலையை விட்டுப் போய் நாளாகிறது. திங்கள் மாலை யாரும் பில்ட் போடவில்லை, அவ்வளவுதான், வேறு எதுவும் எங்களைக் காப்பாற்றவில்லை.

செப்டம்பர் 11

ஸ்கேன் நாளைக்கு என்கிறாள் அக்கா.

செப்டம்பர் 12

லாக் ஃபைலையும் காப்பி செய்து, 'இன்ஸ்டால்' இருந்த இடத்தில் லாக் ஃபைலில் உள்ளதை அப்படியே நிறுவுகிற 'என்பிஎம் சிஐ' போட்டாயிற்று. இரண்டு ஃபைலும் ஒத்துப்போகாவிட்டால் அது எரர் அடித்து நின்றுவிடும், தானாக எதையும் திருத்தாது. என்பிஎம்மின் செட்டிங் ஃபைலான என்பிஎம்ஆர்சியில் சேவ்-எக்ஸாக்ட் ட்ரூ. இனி புதிதாகச் சேர்ப்பதில் கேரட் வராது. பாதுகாப்புத் திருத்தங்களும் தானாக வராது, அதையும் யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். யார் என்று மீட்டிங்கில் கேட்டேன். எல்லோரும் மியூட்.

ரிப்போர்ட் திங்கள்தான் வருமாம்.

செப்டம்பர் 16

மறுபடியும். இந்த முறை தானாகப் பரவுகிற புழு, பேக்கேஜ் வெளியிடுகிற ஆளின் டோக்கனை, அதாவது கணக்குச் சாவியை, திருடி அவருடைய மற்ற பேக்கேஜ்களையும் கெடுத்து வெளியிடுகிறது. என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம்மில் புது வெர்ஷனைச் சில நாள் ஆறப்போட ஒரு செட்டிங் வந்திருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ரிலீஸுக்கு அப்புறம் பார்க்கலாம் என்கிறார் லீட்.

ரிப்போர்ட் வந்துவிட்டதாம், டாக்டர்தான் ஊரில் இல்லை.

இன்று யாரும் புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம் என்று குழுவில் போட்டேன். இப்போதுதான் ஒன்று போட்டேன், பரவாயில்லையா என்று புதுப் பையன் கேட்கிறான்.