கேனுக்கு ஓர் உள்மூடி: ஐந்தாவது மாதிரி வரை

எங்கள் வீட்டில் 300 மில்லி குளிர்பான கேனை ஒரே அமர்வில் குடித்து முடிப்பவர் ஒருவரும் இல்லை. அம்மாவுக்குப் பாதியே அதிகம். மீதியை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தால், அது வெறும் சர்க்கரைத் தண்ணீராக இருக்கும். பாட்டிலுக்குத் திருகுமூடி இருக்கிறது. கேனை ஒருமுறை திறந்தால் திறந்ததுதான். பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டின் சமையலறை மேடையில், திறந்த கேனை வாயு போகாமல் மீண்டும் மூட ஒரு மூடி செய்யும் வேலையைக் கடந்த பொங்கல் விடுமுறையில் தொடங்கினேன். அது இப்போது ஐந்தாவது மாதிரியில் நிற்கிறது. இடையில் கற்றுக்கொண்டவற்றை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில், கடையில் கிடைக்கும் சிலிக்கான் தொப்பி ஒன்றை வாங்கி மாட்டிப் பார்த்தேன். ஈயும் எறும்பும் உள்ளே போகாமல் தடுப்பதற்கு அது போதும். மோர், பழச்சாறு போன்ற வாயு இல்லாத பானங்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. வாயுவைப் பிடித்து வைக்கிறதா என்பதை மட்டும் நாக்கின் தீர்ப்புக்கு விடாமல் அளந்து பார்க்க விரும்பினேன். நகை எடை பார்க்கும் சிறிய தராசு, 0.01 கிராம் வரை காட்டுவது, என்னிடம் இருந்தது. குளிர்பானத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 6 முதல் 7 கிராம் கரியமில வாயு கரைந்திருக்கும். ஆகவே 150 மில்லி மீதமிருக்கும் கேனில் ஒரு கிராம் அளவுக்கு வாயு இருக்கும். மூடி போட்டவுடன் ஒருமுறையும், ஃபிரிட்ஜில் 12 மணி நேரம் இருந்த பிறகு வெளியே படிந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுமுறையும் எடை பார்த்தால், எவ்வளவு வாயு கசிந்தது என்பது தெரிந்துவிடும். மூடியே போடாத கேன் 0.46 கிராம் இழந்தது. சிலிக்கான் தொப்பி போட்ட கேன் 0.41 கிராம் இழந்தது. அதாவது, அந்தத் தொப்பி வாயுவைப் பொறுத்தவரை இருந்தும் இல்லாததும் ஒன்றே.

இரண்டாவது மாதிரியை நானே வரைந்தேன். கேனின் மேல்விளிம்பில் தகடும் உடலும் சேர்த்து மடிக்கப்பட்ட ஒரு தடித்த வளையம் இருக்கிறது. அதன் அடியில் போய்க் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் மூடியை, பெரம்பூரில் முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கும் நண்பரிடம் அச்சிட்டு வாங்கி, உள்ளே ரப்பர் வாஷர் ஒன்றை வைத்தேன். மாட்டும்போது நல்ல இறுக்கமாக இருந்தது. ஃபிரிட்ஜில் ஓர் இரவு தாங்கியது, கசிவு 0.29 கிராம். மே மாதத்தில் ஒரு நாள், அதை வெளியே எடுத்து ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுக் கீழே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மூடி இரண்டு கொக்கிகள் உடைந்து அலமாரிக்கு மேலே கிடந்தது, சுவரெல்லாம் பானம். அந்த நேரத்தில் யாராவது கேனுக்கு மேலே குனிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இதை வரைவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

கணக்கு எளிமையானது. 1803-ல் வில்லியம் ஹென்றி சொன்ன விதிப்படி, ஒரு திரவத்தில் கரையும் வாயுவின் அளவு அதன் மேலே இருக்கும் அந்த வாயுவின் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 0 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 3.3 கிராம் கரியமில வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 25 டிகிரியில் அது 1.5 கிராமுக்குக் குறைந்துவிடும். பாதி கேனை இறுக மூடி வைத்தால், ஃபிரிட்ஜுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சுமார் 1.3 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) கூடுதலாகவும், சென்னை வெயிலில் 2 பாருக்கு மேலும் ஏறும். கேனின் மேல்வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 52 மில்லிமீட்டர். பரப்பு 21 சதுர சென்டிமீட்டர். 2 பார் அழுத்தம் அந்த வட்டம் முழுவதையும் அடியிலிருந்து தள்ளும்போது, மூடியின் மேல் 42 கிலோ எடை எதிர்த்திசையில் தொங்குவதற்குச் சமம். ஒரு சிமெண்ட் மூட்டையில் முக்கால் பங்குக்கு மேல். அதை மெல்லிய பிளாஸ்டிக் கொக்கிகள் நான்கு தாங்கும் என்று நான் நம்பியிருந்தேன்.

அதே சமயம், கேனின் வாய் மட்டும் எவ்வளவு என்று அளந்தேன். நீளம் 25 மில்லிமீட்டர், அகலம் 19 மில்லிமீட்டர், முட்டை வடிவம். பரப்பு 3.7 சதுர சென்டிமீட்டர். அதே 2 பாரில் அதன் மேல் விழும் விசை ஏழரைக் கிலோ மட்டுமே. வட்டம் முழுவதையும் மூடுவதை விட்டுவிட்டு வாயை மட்டும் அடைத்தால், வேலை ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது.

மூன்றாவது மாதிரி அந்த வாய்க்கு அளவெடுத்த ரப்பர் தக்கை. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேலிருந்து அழுத்திச் செருகினேன். குலுக்கியதும் கழன்று வந்தது. வாயின் வெட்டு விளிம்பு ரப்பரைக் கீறியும் விட்டது.

தீர்வு ராயபுரத்தில் ஒரு கடை வாசலில் கோலி சோடா குடித்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது. சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை பார்த்த பொருள். அன்றுதான் அதன் பொறியியலைப் பார்த்தேன். இங்கிலாந்தின் ஹைரம் காட் 1872-ல் காப்புரிமை பெற்ற அந்தப் பாட்டிலில், கோலிக் குண்டு கழுத்துக்கு உள்ளே இருக்கிறது. வாயு வெளியேறப் பார்க்கும்போது, அதுவே குண்டைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தின் மேல் தள்ளி அடைக்கிறது. வெளியிலிருந்து எதுவும் அதைப் பிடித்திருக்கவில்லை. அழுத்தம் கூடினால் அடைப்பும் கூடும். நான் மூன்று மாதிரிகளாக வாயுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கோலி சோடாவோ அந்த வாயுவிடமே வேலையை ஒப்படைத்திருக்கிறது. எங்கள் சமையலறையில் இருக்கும் உள்மூடி குக்கரும் இதே வகைதான். அம்மா தினமும் அதன் நீள்வட்ட மூடியைச் சாய்த்து உள்ளே விட்டு, திருப்பி, மேலே இழுத்து மாட்டுவதை நான் தினமும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

வட்டமான மூடியை அதைவிடச் சிறிய வட்ட வாய் வழியே உள்ளே விட முடியாது. நீள்வட்டமாக இருந்தால் முடியும். மூடியின் குறுகிய அகலம் வாயின் நீளத்தைவிடக் குறைவாக இருந்தால், அதைச் செங்குத்தாக நிறுத்தி உள்ளே விட்டுப் பிறகு திருப்பிக்கொள்ளலாம். கேனின் வாயும் நீள்வட்டமாகவே அமைந்திருப்பது எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். உள்ளே போகும் தகடு 29-க்கு 23 மில்லிமீட்டர் என்று முடிவு செய்தேன்.

அதை உள்ளே விட்டபின் கைவிட்டால் பானத்துக்குள் விழுந்துவிடுமே என்ற சிக்கலை எங்கள் தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். பெரம்பூர் ரயில்வே பணிமனையில் நீராவி இன்ஜின் பாய்லர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் வரைபடத்தைப் பார்த்ததும் அவர் சொன்னது: "தம்பி, இது பாய்லரோட மட்ஹோல் கதவுதான். உள்ளே வச்சு, போல்ட்டை வெளியே இழுத்து, குறுக்கே ஒரு பாலம் போட்டு நட்டை முறுக்கு." பாய்லருக்குள் படியும் சேற்றைக் கழுவி வெளியேற்றுவதற்காக வைக்கப்பட்ட துளைகளை அப்படித்தான் நீள்வட்டக் கதவுகளால் உள்ளிருந்து மூடுவார்களாம். நட்டு கதவைத் தொடக்கத்தில் இடத்தில் நிறுத்துவதற்கு மட்டும். அழுத்தம் ஏறிய பிறகு நீராவியின் அழுத்தமே கதவைத் துளையின் உள்விளிம்போடு சேர்த்து அழுத்திக்கொள்ளும். அவர் பேசிக்கொண்டே என் தாளின் ஓரத்தில் வரைந்த பாலத்தின் படத்தைத்தான் நான்காவது மாதிரியில் அப்படியே பின்பற்றினேன்.

நான்காவது மாதிரியின் தகட்டைத் தண்டையார்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் ஒன்றரை மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகில் வெட்டி, நடுவில் 4 மில்லிமீட்டர் திருகுத் தண்டு ஒன்றைப் பற்றவைத்து வாங்கினேன். பானத்தைத் தொடும் பகுதியை அச்சிட்ட பிளாஸ்டிக்கில் செய்ய எனக்கு மனமில்லை. அச்சிட்ட பொருளில் அடுக்குகளுக்கு இடையே நுண்ணிய பள்ளங்கள் இருக்கும். இனிப்புப் பானம் அதில் தங்கினால் கழுவி எடுப்பது கடினம். தகட்டின் மேல்பக்கத்தில் உணவுக்கு ஏற்ற இரட்டைக் கலவை சிலிக்கானை 3 மில்லிமீட்டர் கனத்துக்கு வார்த்தேன். பாலம் மட்டும் அச்சிட்டது. அதன் இரு கால்களும் கேனின் தடித்த விளிம்பில் நிற்கும்படி வைத்தேன், ஏனென்றால் மேல்தகட்டின் கனம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன்மேல் பாரம் ஏற்றக் கூடாது. பாலத்துக்கு மேலே, விரலாலேயே முறுக்கக்கூடிய இறக்கை வைத்த ஒரு விங் நட்.

12 மணி நேரக் கசிவு 0.09 கிராமுக்கு இறங்கியது. திறக்கும் விதம் எனக்கு இதைவிடவும் பிடித்திருந்தது. நட்டைத் தளர்த்திவிட்டுத் தண்டைக் கட்டைவிரலால் கீழே அழுத்தினால், கோலி சோடா உடைக்கும்போது வரும் அதே சத்தத்தோடு வாயு வெளியேறுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கேனுக்கு ஐந்து கிலோ அளவு அழுத்தினால் போதும். தகடு வாயைவிடப் பெரியது என்பதால், எவ்வளவு வெப்பமானாலும் அது வெளியே பறந்து வர வழியில்லை. ஜன்னல் ஓரத்து விபத்துக்குப் பிறகு என் மனத்தை அமைதிப்படுத்தியது இந்த ஒரு குணம்தான்.

மீதி 0.09 கிராம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க, கேனை நிமிர்ந்த நிலையிலேயே தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்திப் பிடித்துக் குமிழ்களைக் கவனித்தேன். இரண்டு இடங்களிலிருந்து மட்டும் நூல்போல் வந்துகொண்டிருந்தன. கேனைத் திறக்கும்போது வாயை மூடியிருந்த தகடு முழுவதும் கழன்று விழுவதில்லை. ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நாக்குபோல் உள்ளே மடங்கித் தொங்குகிறது. அந்த நாக்கு மடியும் இடத்தின் இரு முனைகளிலும் மேல்தகட்டின் அடிப்பரப்பு சமமாக இல்லை. சிலிக்கான் அங்கே படியாமல் ஒரு ஊசி நுழையும் இடைவெளி விட்டுவிடுகிறது. 1960-களில் எர்மல் ஃப்ரேஸ் உருவாக்கிய பழைய கேனில் வளையத்தை இழுத்தால் நாக்கு முழுவதும் பிய்ந்து கையோடு வந்துவிடும். வாய் சுத்தமான துளையாக இருந்திருக்கும். என் வேலை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பிய்த்தெறிந்த வளையங்கள் கடற்கரைகளில் கால்களைக் கிழித்தன. 1975-ல் டேனியல் குட்ஸிக் வடிவமைத்த, கேனோடு ஒட்டியே இருக்கும் இன்றைய வளையம் அதற்காகத்தான் வந்தது. காசிமேட்டுக் கடற்கரையில் செருப்பில்லாமல் நடப்பவன் என்ற முறையில், அந்த இரண்டு கசிவு முனைகளையும் நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன்.

ஐந்தாவது மாதிரியில், அந்த இரண்டு முனைகளுக்கும் நேராகச் சிலிக்கானில் இரண்டு சிறு மொட்டுகளைக் கூடுதலாக வார்த்தேன். அவை மற்ற இடத்தைவிட மென்மையான கலவை. நட்டை முறுக்கும்போது நசுங்கி அந்த இடைவெளிக்குள் புகுந்துகொள்கின்றன. நாக்குக்கு இடம் விடத் தகட்டின் ஓர் ஓரத்தை அரம் போட்டுக் குறைத்தேன். கசிவு இப்போது 0.03 கிராம். பாதி நிரம்பிய கேனைப் பையில் போட்டு, டி.எச். ரோட்டில் ஷேர் ஆட்டோவில் தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை போய் வந்தேன். அந்தக் குலுக்கலுக்கும் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. மொட்டைமாடி வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்ததில் 0.11 கிராம் போனது. அந்த நிலையில் திறப்பதற்கு முன் ஃபிரிட்ஜில் குளிரவைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பானம் நுரைத்துப் பொங்கிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும், மறுநாள் அம்மா குடித்துப் பார்த்துவிட்டு, "நேத்து இருந்த காரம் இல்லையே" என்றார். அம்மா சொன்னது சரி. கசிவே இல்லாத மூடியாக இருந்தாலும், கேனுக்குள் இருக்கும் காலியிடம் பானத்திலிருந்து வாயுவை இழுத்துக்கொள்ளும். மேலே சொன்ன ஹென்றி விதியைக் கொண்டே கணக்கிட்டேன். ஃபிரிட்ஜில் 200 மில்லி மீதமிருந்தால் கரைந்திருந்த வாயுவில் முக்கால் பங்கு பானத்தில் தங்கும். 150 மில்லி இருந்தால் ஐந்தில் மூன்று பங்கு. 75 மில்லி மட்டும் இருந்தால் மூன்றில் ஒரு பங்குதான். அறை வெப்பத்தில் இந்த அளவுகள் இன்னும் குறையும். ஆகவே, கால்வாசி மிச்சமான கேனை மூடி வைப்பதில் பொருளில்லை. அதைக் குடித்துவிடுவதே நல்லது. குடிக்கும் முன்பே பாதியை டம்ளரில் ஊற்றிக்கொண்டு உடனே மூடினால், வாயில் வைத்து மெல்லக் குடித்து மூடுவதைவிட நன்றாக இருப்பதையும் எடையில் கண்டேன்.

மீதமிருக்கும் வேலைகள் இரண்டு. ஒல்லியான 250 மில்லி கேனின் விளிம்பு வட்டம் சிறியது. என் பாலத்தின் கால்கள் அதில் நிற்கவில்லை. விரல் மூட்டு வலிக்கும் அம்மாவுக்கு விங் நட்டை முறுக்குவதும் சிரமமாக இருக்கிறது. நட்டுக்குப் பதிலாக, சைக்கிள் சீட்டைப் பூட்டும் நெம்புகோல் போன்ற ஒன்றை வைத்தால் ஒரே அழுத்தில் தகடு மேலே இழுபடும் என்று பெரியவர் சொன்னார். அதற்கான பாலத்தை நேற்று வரைந்து முடித்து, பெரம்பூர் நண்பருக்கு அனுப்பியிருக்கிறேன்.