செம்பாக்கத்தில் பதினாறு வருடப் பழைய ஃபிளாட் வாங்கினோம்

2025 ஜனவரியில் தாம்பரம் கிழக்கே செம்பாக்கத்தில் 900 சதுர அடி ஃபிளாட் ஒன்றை 46 லட்சத்துக்குக் கிரயம் முடித்தோம். 2008ல் கட்டியது, மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: சதுர அடி என்ன ரேட்டுக்கு முடிந்தது? 5,100 என்று சொன்னால், பழைய வீட்டுக்கு இவ்வளவா, இன்னும் கொஞ்சம் போட்டால் ஊரப்பாக்கத்தில் புதுசே வாங்கியிருக்கலாமே என்கிறார்கள். அந்தப் புதுசையும் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தோம். ஏன் வந்தோம், என்னென்ன செலவு, எங்கே மாட்டிக்கொண்டு நின்றோம் என்று எழுதி வைத்தால் அடுத்து வாங்கப்போகிறவர்களுக்கு உதவும்.

குரோம்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். பட்ஜெட் 50க்குள். அந்தத் தொகைக்கு எல்லாப் புரோக்கர்களும் கூட்டிக்கொண்டு போன இடம் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. 2023 டிசம்பர் 30ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து அந்தப் பக்கம் விலை பேசும் தோரணையே மாறிவிட்டது, "மேடம், பஸ் ஸ்டாண்டுக்குப் பத்து நிமிஷம்" என்பதுதான் முதல் வார்த்தை. ஒரு புது புராஜெக்டில் 950 சதுர அடி, ரேட் 5,500. அதாவது 52.25 லட்சம். அதற்கு மேல் கார் பார்க்கிங் 3 லட்சம், கட்டி முடியாத வீடு என்பதால் ஜிஎஸ்டி 5 சதவீதம், கார்ப்பஸ் எனும் பராமரிப்பு நிதி, மின் இணைப்பு, அப்புறம் பத்திரச் செலவு. 950 சதுர அடி என்று சொன்ன வீட்டில் சுவருக்குள் நாம் நடமாடும் இடம், கார்ப்பெட் ஏரியா, 640தான். ரெரா எனும் வீடு விற்பனை ஒழுங்குமுறைச் சட்டப்படி கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும், தமிழ்நாடு ரெரா தளத்தில் புராஜெக்ட் எண்ணைப் போட்டால் விவரம் கிடைக்கும். ஆனால் விலை பேசுவது மட்டும் இன்னும் அந்தப் பெரிய எண்ணை வைத்துத்தான்.

அதைவிட முக்கியமாக நான் பார்த்தது யூடிஎஸ், பிரிக்கப்படாத நிலப் பங்கு. அந்தப் புது வீட்டுக்கு 300 சதுர அடி. செம்பாக்கம் வீட்டுக்கு 540. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், 2008ல் சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 1.5தான், அதாவது 1,000 சதுர அடி மனையில் 1,500 சதுர அடிதான் கட்டலாம். 2019ல் வந்த புதுக் கட்டட விதிகளில் அது 2 ஆனது, உயரமான கட்டடங்களுக்கு 3.25. அதே மனையில் அதிக வீடு, அதனால் ஆளுக்குக் கொஞ்சம் நிலம். செம்பாக்கத்தில் அந்தத் தெருவில் மனை 6,000 ரூபாய் வாக்கில் பேசினார்கள். 540 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் 32 லட்சம் நிலத்துக்கே போய்விடும், மீதி 14 லட்சம்தான் கட்டடத்துக்கு. புது புராஜெக்டில் இந்தக் கணக்கு தலைகீழ், நிலத்துக்குப் போவது விலையில் கால்வாசி, மிச்சமெல்லாம் வருடா வருடம் தேய்கிற கான்கிரீட்டுக்கும் நீச்சல் குளத்துக்கும். வீட்டில் பெரியவர்கள் "சொத்து விலை எப்பவும் ஏறும்" என்று சொல்வது அவர்கள் அனுபவத்தில் உண்மை, ஏனென்றால் அவர்கள் வாங்கிப் போட்டது மனை. நாம் வாங்குவது ஃபிளாட். அதில் ஏறுவது நிலப் பங்கு மட்டும்தான், அது எவ்வளவு என்று கேட்காமல் ரேட்டை மட்டும் கேட்டால் என்ன வாங்குகிறோம் என்றே தெரியாது.

விற்பவர் ஓய்வு பெற்றவர், கோயம்புத்தூரில் மகனோடு போய் இருக்கப் போகிறார். விலையில் பெரிய இழுபறி இல்லை, 49 சொன்னார், 46ல் முடிந்தது. சிக்கல் அதற்கப்புறம்தான். "பத்திரத்துல 30 போட்டுக்கலாம்மா, கைடுலைனுக்கு அது போதும், மீதியைக் கையில குடுத்துடுங்க" என்றார். கைடுலைன் என்பது பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. புரோக்கரும் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், உங்களுக்கும் முத்திரைத்தாள் செலவு மிச்சம் என்றார். மிச்சம் உண்மைதான், மறுவிற்பனைக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம் என்பதால் 16 லட்சத்தைக் குறைத்துக் காட்டினால் 1.44 லட்சம் கையில் நிற்கும்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் காரணம், 16 லட்சம் ரொக்கத்துக்கு நாங்கள் எங்கே போவது, பத்திரத்தில் 30 என்றால் வங்கி 30ஐ வைத்துத்தான் கடன் தரும். இரண்டாவது, சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே தொகை அபராதம், வருமான வரிச் சட்டத்திலேயே இருக்கிறது. மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: 2024 ஜூலை 23க்குப் பிறகு வாங்கும் சொத்துக்கு இண்டெக்சேஷன், அதாவது வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக் கணக்குப் போடும் சலுகை, கிடையாது. நாளைக்கு நாங்கள் விற்கும்போது பத்திரத்தில் என்ன விலை இருக்கிறதோ அதைக் கழித்துவிட்டு மீதி முழுவதும் லாபம் என்று 12.5 சதவீத வரி. இன்று குறைத்துப் போடும் ஒவ்வொரு லட்சத்துக்கும் நாளைக்கு நாங்கள்தான் வரி கட்ட வேண்டும்.

பேச்சு நின்றுபோகிற நிலைமை. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வரி பயம்தான் அவரை அப்படிக் கேட்க வைத்தது என்பது பேச்சிலேயே தெரிந்தது. 21 லட்சத்துக்கு வாங்கினது, 46க்கு விற்றால் 25 லட்சம் லாபம், அதற்கு மூணு லட்சத்துக்கு மேல் வரி, பட்ஜெட்டில் இண்டெக்சேஷனை எடுத்துவிட்டார்களே என்றார். அவர் கேள்விப்பட்டது ஜூலை அறிவிப்பு. ஆகஸ்டில் அதைத் திருத்தி, ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், வீட்டுக்கு மட்டும் இண்டெக்சேஷனோடு பழைய முறையில் 20 சதவீதமா, அது இல்லாத புது முறையில் 12.5 சதவீதமா, எது குறைவோ அந்த வரி போதும் என்று ஆக்கியது அவருக்குத் தெரியவில்லை. "சார், ஒரு தடவை ஆடிட்டரைப் பார்த்துட்டு வந்துடலாம், ஃபீஸ் நாங்க குடுக்கறோம்" என்று அழைத்துக்கொண்டு போனோம்.

ஆடிட்டர் ஒரு துண்டுச் சீட்டில் போட்டுக் காட்டினார். இண்டெக்சேஷனுக்கு அரசு வருடா வருடம் அறிவிக்கும் குறியீட்டு எண் 2008-09க்கு 137. 2024-25க்கு 363. 21 லட்சத்தை 363ஆல் பெருக்கி 137ஆல் வகுத்தால் 55.6 லட்சம். விற்பது 46க்கு. "உங்களுக்கு லாபமே இல்ல சார், வரி எங்கேர்ந்து வரும்?" பெரியவர் அந்தச் சீட்டைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பேனாவை வாங்கித் தானே ஒரு முறை பெருக்கிப் பார்த்தார். வரி இல்லை என்பதில் நிம்மதி, ஆனால் பதினாறு வருடம் வைத்திருந்த வீடு விலைவாசிக்கு ஈடுகூடக் கொடுக்கவில்லை என்பது அவரை உலுக்கிவிட்டது. என்னையும்தான். இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது என்று எல்லோரும் சொல்லும் அதே வீடு. இடையில் அவர் வாடகை கொடுக்காமல் குடியிருந்தார், அந்த லாபம் இருக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஃபிளாட்டை முதலீடு என்று நினைத்து வாங்கும் எண்ணம் எனக்கு அந்த ஆபீஸிலேயே போய்விட்டது, குடியிருக்க மட்டும்தான் வாங்குகிறோம் என்று வெளியே வந்ததும் கணவரிடம் சொன்னேன்.

இதில் இன்னொன்று. அந்தக் காலத்தில் நிலப் பங்குக்கு மட்டும் கிரயப் பத்திரம், கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் போடுவார்கள். அவர் பத்திரத்தில் இருந்தது 7 லட்சம்தான், மீதி 14 லட்சத்துக்கு ஆதாரம் கட்டுமான ஒப்பந்தமும் ரசீதுகளும். நல்லவேளையாக அவர் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தார். பழைய ஃபிளாட் வைத்திருப்பவர்கள் அந்தக் காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

46 லட்சமும் பத்திரத்தில் என்று முடிவானதும் அக்ரிமென்ட் போட்டு அட்வான்ஸ் கொடுத்தோம். அதில் லீகல் சரியாக வராவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி நான் பிடிவாதமாக இருந்தேன். அது வீண் போகவில்லை என்று வக்கீலிடம் போனதும் தெரிந்தது. தாய்ப்பத்திரம், பட்டா, பிளான் அப்ரூவல், முப்பது வருட வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்துவிட்டு அவர் ஒரே ஒரு இடத்தில் விரலை வைத்தார். 2008 பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது நில உரிமையாளர் இல்லை, அவரிடம் பவர், அதாவது அவர் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம், வாங்கிய பில்டர். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவர் செத்துவிடும், அதற்கப்புறம் போட்ட பத்திரம் செல்லாது. "அந்தத் தேதியில அவர் உயிரோட இருந்தார்னு காட்டுங்க, நான் ஒப்பீனியன் தர்றேன்."

நில உரிமையாளர் குடும்பம் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. இதைப் போய் எப்படிக் கேட்பது? விற்பவரே எங்களோடு வந்தார். உரிமையாளரின் மகன் எந்தத் தயக்கமும் இல்லாமல் உள்ளே போய், பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து, அப்பாவின் ரேஷன் கார்டு, பென்ஷன் புத்தகம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, அதற்குள்ளிருந்து இறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தார். இறந்தது 2013. "அப்பா அந்த பில்டிங் கட்டறதைத் தினமும் போய்ப் பார்ப்பாரு, வாங்கறவங்க நல்லா இருக்கணும்னு சொல்லுவாரு" என்று சொல்லி ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தனுப்பினார். அவருக்கு இதில் ஒரு ரூபாய் லாபம் இல்லை. அந்தத் தெருவிலேயே இருக்கப்போகிறோம் என்பது எனக்கு அன்று பிடித்துப்போனது.

வில்லங்கத்தில் இன்னொரு பதிவும் நின்றது. விற்பவர் தன் வீட்டுக் கடனை எப்போதோ அடைத்துவிட்டார், ஆனால் வங்கியில் பத்திரம் ஒப்படைத்ததற்கான பதிவை ரத்து செய்யும் ரசீதுப் பத்திரம் போடவில்லை. பணம் கட்டி முடித்தாலும் அந்த ரசீதைப் பதிவு செய்யாத வரை வில்லங்கச் சான்றில் சொத்து அடமானத்தில் இருப்பதாகத்தான் காட்டும். அதை அவர் வங்கி ஆளை வரவழைத்துப் பதிவு செய்து முடித்தார்.

கடன் பகுதி சீக்கிரமே முடிந்தது, கணக்குதான் இடித்தது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம்தான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கி அனுப்பிய வேல்யூயர் கட்டட வயதைப் பார்த்து 43 லட்சம் போட்டார். அதில் 80 சதவீதம் 34.4 லட்சம். மீதி 11.6 எங்கள் கையிலிருந்து. பத்திரச் செலவு 4.14 லட்சம், அதற்குக் கடன் கிடையாது. புரோக்கருக்கு ஒரு சதவீதம், வக்கீல், வங்கிக் கட்டணம், அடமானப் பதிவு எல்லாம் சேர்த்துக் கைப்பணம் 16.5 லட்சத்தைத் தொட்டது. 46 லட்ச ரூபாய் வீட்டுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கையில் வேண்டும் என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை. சேமிப்பு போக, ஐந்து வருட சர்வீஸ் முடிந்திருந்ததால் பிஎஃபில் வீடு வாங்க எடுக்க முடிந்தது, பாக்கிக்கு நகைக் கடன். வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் விலையைக் கணக்குப் போடும் முன் இந்தக் கைப்பணத்தைக் கணக்குப் போடுங்கள்.

பதிவு அன்று டோக்கன்படி கூப்பிட்டார்கள். சார்பதிவாளர் விற்பவரைப் பார்த்து, "முழுப் பணமும் வந்துடுச்சா, சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். வங்கி டிடி அவர் கையில் இருந்தது. விரல் ரேகை, போட்டோ, சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்து, அடுத்த சில நிமிடங்களில் அதே மேஜையில் வங்கிக்கு அடமானப் பதிவு. 50 லட்சத்தைத் தொட்டிருந்தால் ஒரு சதவீதத்தை வரியாக நாங்கள் பிடித்து விற்பவர் பான் எண்ணில் கட்டியிருக்க வேண்டும். 46 என்பதால் அந்த வேலை இல்லை.

ஜனவரியில் வட்டி 8.5, இருபது வருடத்துக்கு மாதம் 29,850. பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போவை, அதாவது மற்ற வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டியை, 6.5லிருந்து 6.25 ஆக்கியது, ஏப்ரலில் 6, ஜூனில் 5.5. எங்கள் கடன் ரெப்போவோடு இணைந்தது என்பதால் 7.5க்கு இறங்கிவிட்டது. இஎம்ஐயைக் குறைக்கலாமா என்று வங்கியில் கேட்டார்கள், வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றோம். அதனால் கடன் கிட்டத்தட்ட மூன்று வருடம் முன்னாடியே முடியும். விலையில் மூன்று லட்சம் குறைத்ததைவிட இது பெரிய லாபம். வட்டி திரும்ப ஏறவும் செய்யும், அதனால் இந்த வருடமே கொஞ்சம் முன்கூட்டிக் கட்டப் பார்க்கிறோம், மாறும் வட்டிக் கடனுக்கு அதற்கு அபராதம் கிடையாது.

சொத்து வரி, மின் இணைப்பு இரண்டும் எங்கள் பெயருக்கு மாறிவிட்டன. விற்பவர் கோயம்புத்தூர் கிளம்பும் முன்பே அவர் கையெழுத்து தேவைப்படும் எல்லாக் காகிதத்தையும் வாங்கி வைத்துக்கொண்டதால் அதில் அலைச்சல் இல்லை.