கிழவி சாய்கிறாள்

செப்டம்பர் 27

811க்குச் சொல்லியாச்சு, மண்ணைத் தோண்டுமுன் கீழே போகும் குழாய், வயரையெல்லாம் குறித்துத் தரச் சொல்லிக் கூப்பிடும் எண். நியூ ஜெர்சியில் மூன்று வேலை நாள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், காசு கிடையாது. ஹாலோவீன் பொம்மை நடுவதற்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இறங்கப் போவது இரண்டடி இரும்புக் கம்பி. கேபிள் வயர் சில இடத்தில் ஒரு சாண் ஆழத்திலேயே கிடக்கும்.

அக்டோபர் 2

கொடி நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மஞ்சள் கேஸ், சிவப்பு கரண்ட், நீலம் தண்ணீர், ஆரஞ்சு கேபிள். மஞ்சள், கிழவிப் பொம்மைக்கு வைத்திருந்த இடத்தின் நடுவே போகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடி, கம்பியே கூடாது. கிழவி மேப்பிள் மரத்தடிக்குப் போகிறாள்.

புல்லுக்குத் தண்ணீர் விடும் குழாயை அவர்கள் குறிப்பதில்லை, அது வீட்டுக்காரன் பாடு. ஸ்பிரிங்க்ளரை ஓடவிட்டு, தலைக்குத் தலை நூல் பிடித்துக் குறித்தாயிற்று.

அக்டோபர் 4

உடம்பு முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப். உள்ளே போகும் கம்பி அரை இஞ்ச். போன தடவை முக்காலே மூணு வீசம் பேர் செய்வது போல 3/8 கம்பிதான். முதல் காற்றிலேயே வில்லாக வளைந்தது. பார்த்தால் ஒரு நூல் வித்தியாசம், ஆனால் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. அரை இஞ்ச்சுக்கு மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு.

கம்பி நாலடி நீளம். பாதி மண்ணில், பாதி பைப்புக்குள். இந்தப் பாதிக்குப் பாதிதான் விஷயமே. எல்லாரும் மண்ணுக்குள் இருப்பதைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். பைப்புக்குள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. பைப்பின் உள்வாய்க்கும் கம்பிக்கும் நடுவே கால் இஞ்ச் இடைவெளி உண்டு. கம்பி ஆறு இஞ்ச் மட்டும் ஏறியிருந்தால் அந்தக் கால் இஞ்ச், ஐந்தரை அடி உயரத் தலையில் கிட்டத்தட்ட மூன்று இஞ்ச் ஆட்டமாகத் தெரியும். இரண்டடி ஏறியிருந்தால் முக்கால் இஞ்ச் கூட இல்லை. ஆடும் பொம்மை விடிய விடிய ஆடும். கம்பி முடிகிற இடத்தில் பைப் வெளுத்துக் கீறல் விடும், அப்புறம் ஒடியும். ஒடிகிற இடம் எப்போதும் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. பி.வி.சி. குளிரில் இன்னும் சீக்கிரம் உடையும்.

இடைவெளியை அடைக்கக் கம்பியின் மேல்முனையில் ஒரு வளையம், தரையிலிருந்து நாலு இஞ்ச்சில் ஒரு வளையம், இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. பைப்பைத் திருகி இறக்கினால் கொஞ்சம் முரண்டு பண்ண வேண்டும். தானாக வழுக்கி இறங்கினால் டேப் போதவில்லை.

இரண்டு கால் கம்பியும் நேராக இறங்க, பலகையில் இரண்டு துளை போட்டு அதன் வழியே அடிக்க வேண்டும். ஒன்று சரிந்தாலும் கால் உள்ளே போகாது. போகாத காலைச் சுத்தியலால் தட்டினால் டீ (பைப்புகளை இணைக்கும் T வடிவத் துண்டு) பிளந்துவிடும். பொம்மை ஏறும் வரை கம்பி முனைக்குத் தொப்பி. தெருப் பிள்ளைகள் ஓடுகிற இடம்.

அக்டோபர் 5

கிழவி இடப்பக்கம் சாய்கிறாள்.

அக்டோபர் 6

ரசமட்டம் வைத்தால் கம்பி நேர். இடுப்பு டீ நேர். கூன் போட்டிருப்பதால் முன்னால் சாய்ந்தால் சரி. இடப்பக்கம் ஏன்?

அக்டோபர் 8

துணி. பொம்மையைக் கவிழ்ப்பது அதன் எடை இல்லை, அதன் அங்கி. அங்கி என்பது கப்பல் பாய். கிழவியின் அங்கி முதுகில் மூன்று இடத்தில் ‘ப’ மாதிரி வெட்டு, காற்று வந்தால் மடல் தூக்கும், போனால் மூடிக்கொள்ளும், இருட்டில் தெரியாது. மணப்பெண் பொம்மைக்கு வலைத்துணி, அவளுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. கீழ்விளிம்பை முழங்கால் உயரத்தில் பைப்போடு ஜிப் டை போட்டுக் கட்டியாயிற்று. படபடவென்று அடிக்கும் துணிதான் ஸ்க்ரூவைத் தளர்த்துகிறது. மூட்டுகளில் பசை போடவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்க்ரூ. நவம்பரில் கழற்றிப் பெட்டியில் போட வேண்டுமே.

ஊரில் சோளக்கொல்லைப் பொம்மைக்கு ஒரே கம்பு. சட்டை கிழிசல், காற்று உள்ளே புகுந்து போய்விடும். அதுவும் ஒரு என்ஜினியரிங்தான்.

அக்டோபர் 11

நாளை மழையும் காற்றும் என்கிறார்கள். இழுகயிறு கட்டியாச்சு. மூன்று திசைக்கு மூன்று, உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில், துணியில் அல்ல, தோள் டீயில். சாதா மீன்பிடி நரம்பு வேண்டாம். நைலான் ஈரத்தில் நீளும், காலையில் தொய்ந்து கிடக்கும். பின்னல் நரம்பு நீளாது. முளைகளெல்லாம் பூச்செடிப் பாத்திக்குள். நடைபாதைப் பக்கம் ஒன்று கூட இல்லை. இருட்டில் ஒரு பிள்ளை தடுக்கி விழுவதைவிட, பொம்மையே விழுந்து கிடக்கலாம்.

அக்டோபர் 13

மழை நின்றது. மணப்பெண் நிற்கிறாள். கிழவி இடப்பக்கமாகத் தரைக்கு ஒரு முழம். இழுகயிறு மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இடக்கால் கம்பியைச் சுற்றி விரல் நுழைகிற அளவுக்கு வாய். ஈர மண்ணில் கம்பி ஆட ஆட ஓட்டை புனல் மாதிரி விரியும். மண்ணைப் போட்டு மிதித்தால் பிடிக்காது, அடுத்த மழைக்குத் திரும்ப வாய் திறக்கும். பிடுங்கிப் புது இடத்தில் அடிப்பதுதான்.

பிடுங்கினேன். பதினோரு இஞ்ச்தான் ஈரம். நாலாம் தேதி கம்பி சட்டென்று நின்றபோது ஆழம் வந்துவிட்டது என்று நினைத்து மேலே நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்திருக்கிறேன். மேல் உயரம் சரி, அதனால் ரசமட்டமும் சரி. கீழே இந்த வட்டாரத்துச் சிவப்பு ஷேல் பாறை.

இனி அடிக்குமுன் கம்பியில் இருபத்து நாலாவது இஞ்ச்சில் சிவப்பு டேப். டேப் மண்ணைத் தொடவில்லை என்றால் அந்த இடம் வேண்டாம்.

அக்டோபர் 14

ஒரு சாண் வலப்பக்கம் தள்ளினேன். இரண்டும் இறங்கின.

தலையில்லாதவன் டிரைவ்வேயில் நிற்கும் பொம்மை, கம்பிக்கு வழியில்லை. நாலடி 2×4 கட்டை இரண்டு, நடுவில் பாதிப் பாதி வெட்டிக் கூட்டல் குறியாக. எவ்வளவு எடை வேண்டும்? காற்று மணிக்கு இத்தனை மைல் என்பதை அதே எண்ணால் பெருக்கி, 0.00256ஆல் பெருக்கினால் சதுர அடிக்கு எத்தனை பவுண்டு என்று வரும். 30 மைலுக்கு 2.3. அவன் அங்கி 12 சதுர அடி, ஆக 28 பவுண்டு, மூன்றடி உயரத்தில் தள்ளுகிறது: 84. கூட்டல் குறி கவிழ்வது கட்டை முனையில் இல்லை, அடுத்தடுத்த இரண்டு முனையை இணைக்கிற கோட்டில், நடுவிலிருந்து 1.4 அடிதான். 84ஐ 1.4ஆல் வகுத்தால் 60 பவுண்டு. 50 பவுண்டு மணல் மூட்டை ஒன்று, கட்டையின் எடை கொஞ்சம். ஒப்பேறும்.

45 மைலுக்கு இதே கணக்கு 130ஐத் தாண்டுகிறது. வேகம் ஒன்றரை மடங்கு, தள்ளு இரண்டேகால் மடங்கு. மூன்று மூட்டை.

அக்டோபர் 19

முக்கால் இஞ்ச் பைப் ஒரு இஞ்ச் பைப்புக்குள் போகாது. போகும் போலவே இருக்கும். போகாது. ஒவ்வொரு வருஷமும் கடையில் நின்று இதை மறக்கிறேன்.

அக்டோபர் 22

சாக்கை மான்ஸ்டர் மட்டில் முக்கி மேல்துண்டு செய்தேன்: ஜாயின்ட் காம்பவுண்ட் (சுவர்ப் பலகை இடுக்கில் பூசும் சாந்து) ஐந்து பங்கு, லேட்டெக்ஸ் பெயின்ட் ஒரு பங்கு. காய்ந்தால் கல் மாதிரி. ஆனால் தண்ணீர் பட்டால் ஊறும், வெளி பெயின்ட் இரண்டு கோட் அடித்தே ஆக வேண்டும். எடையெல்லாம் தோளில் ஏறிவிட்டது. கிழவிக்கு இது கூடாது. தலைக்கும் தெர்மாகோல்தான்.

அக்டோபர் 26

கைத்தடி! கூன் கிழவிக்குக் கைத்தடி மூன்றாவது கால். அதற்குள் ஒரு கம்பி, முன்னால் இரண்டடி தள்ளி. மணிக்கட்டு டீயில் கால் இஞ்ச் போல்ட் குறுக்கே, வாஷரோடு. முன்பக்கச் சாய்வு அத்தோடு போச்சு.

அக்டோபர் 29

இந்தத் தேதி பிடிக்கவில்லை. 2011இல் இதே நாள் பனிப்புயல், இன்னும் இலை உதிர்த்திராத மரங்கள் கிளை கிளையாக முறிந்தன. 2012இல் இதே நாள் சாண்டி புயல். கவர்னர் கிறிஸ்டி ஹாலோவீனையே நவம்பர் 5க்குத் தள்ளிவைத்தார்.

அக்டோபர் 30

காலையிலிருந்து மழை. சிவப்பு டேப் எல்லாம் மண்ணுக்குக் கீழே.

அக்டோபர் 31

மழை விட்டது, மேற்கிலிருந்து காற்று. மூன்றாவது மூட்டையும் ஏற்றினேன். இழுகயிறு மூன்றையும் விரலால் மீட்டிப் பார்த்தேன், ஒரே சுருதி. மேற்குப் பக்கத்து முளை மட்டும் அரை இஞ்ச் மேலே வந்திருக்கிறது. சம்மட்டி எங்கே