வயிற்றுவலி திங்கள், புதன், சனியில் மட்டும்

எனக்கு ஏதோ சரியில்லை என்று முதலில் பிடித்தது என் வீட்டுக்காரிதான். "ஏங்க, உங்களுக்கு வயித்துவலி வர்றதெல்லாம் திங்க, புதன், சனிதான், கவனிச்சீங்களா?" என்றாள். ராமேஸ்வரம் விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாட்கள் அவை. மற்ற நாட்களில் கறிக்குழம்பை இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டாலும் எனக்கு ஒன்றும் செய்யாது.

நடந்தது பிப்ரவரியில். தீவுக்கு வடக்கே, வடகடலில் ராத்திரி வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது அடிப்பலகை விட்டுத் தண்ணீர் ஏறியது, பம்பு அடைத்துக்கொண்டு கரகரவென்று கத்தியது, அப்புறம் இஞ்சின் முங்கி நின்றுபோனது. காலி டீசல் கேனையும் ஐஸ் பெட்டி மூடியையும் பிடித்துக்கொண்டு விடிகிறவரை மிதந்தோம், காலையில் பக்கத்துப் படகுக்காரர்கள் தூக்கினார்கள். போனது படகு மட்டும்தான், ஆள் எல்லோரும் கரை சேர்ந்தோம். எங்கள் ஊர் தங்கச்சிமடமே வந்து விசாரித்துவிட்டு, வேர்க்காட்டுச் சர்ச் புனிதர் சந்தியாகப்பர் காப்பாற்றிவிட்டார் என்று சொல்லிப் போனது. நானும் அப்படித்தான் சொன்னேன். யாரும் சாகவில்லை, கை கால் போகவில்லை, இதில் எனக்கென்ன கோளாறு வரப்போகிறது?

எங்கள் தொழிலில் கடலுக்குப் போகாமலிருக்கக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. காற்று சரியில்லை, வலை பொத்த வேண்டும், படகு முதலாளி சம்மாட்டி பங்குப் பணத்தில் இழுக்கிறார், இப்படி வாரத்துக்கு ஒன்று சொல்லலாம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அப்புறம் ஏப்ரல் 15 வந்தது, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், ஊரே கரையில் உட்கார்ந்திருக்கும்போது நான் மட்டும் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று யார் கேட்பார்கள்? வயிறும் அடங்கிவிட்டது. சரியாகிவிட்டேன் என்றே நினைத்தேன். ஜூன் 14 முடிந்து படகுகள் கிளம்பின அன்றைக்கு கடலுக்குப் போக டோக்கன் வாங்குகிற இடம் வரைக்கும் போனவன் அங்கேயே வாந்தி எடுத்தேன்.

பயம் என்றால் நடுங்குவது, அழுவது என்றுதான் எனக்குத் தெரியும். எனக்கு அது கோபமாக வந்தது. மகள் வாளித் தண்ணீரை விளையாட்டுக்கு மேலே தெளித்ததற்கு நான் கத்திய கத்தில் பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சர்ச்சில் அவள் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு யார் வீட்டு விசேஷத்துக்கோ போனவன் மாதிரி நின்றேன், சந்தோஷம் உள்ளே இறங்கவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் முதலில் ஒரு காலைக் கீழே வைத்துத் தரை நனைந்திருக்கிறதா என்று பார்ப்பேன், காய்ந்திருந்தாலும் மறுபடி பார்ப்பேன். பக்கத்து வீட்டில் தொட்டி வற்றி மோட்டார் கரகரத்தால் வாயில் உப்பும் டீசலும் கரித்துக்கொண்டு வரும், நிஜமாகவே நாக்கில் ருசி தெரியும். இதையெல்லாம் மறக்கக் குடித்தேன், குடித்த ராத்திரிகளில் தூக்கம் இன்னும் மோசம்.

அம்மா "புள்ள பயந்துட்டான்" என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மனநல டாக்டர் என்றதும்தான் வீடே அமைதியாகிவிட்டது. எங்கள் மாவட்டத்தில் இந்தப் பேச்சு எடுத்தாலே ஏர்வாடிதான் கண்ணில் வரும். 2001 ஆகஸ்ட் 6-ல் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள், சங்கிலியில் கட்டியிருந்ததால் தப்பி ஓட முடியவில்லை. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது, ஆனால் பெரியவர்கள் மனதில் அந்தத் தீதான் நிற்கிறது.

நான் முதலில் 14416-க்குப் போன் போட்டேன். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச எண், தமிழில் பேசலாம். அவர்கள் சொல்லித்தான் ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். தீவிலிருந்து அங்கே போக பாம்பன் பாலத்தைத் தாண்டாமல் வழி கிடையாது, இரண்டு பக்கமும் கடல். பாலம் முடிகிறவரை வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு சீட்டுப்பணம், ஸ்கூல் பீஸ் என்று என்னென்னவோ பேசிக்கொண்டே வந்தாள், பக்கத்து சீட்டு ஆள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

டாக்டரம்மா கேட்டதில் ஒரு கேள்விதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது: "அது ஞாபகமா வருதா, இல்ல திரும்ப நடக்குதா?" திரும்ப நடக்கிறது என்றேன். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, பி.டி.எஸ்.டி. என்றார். இப்படி ஒன்று நடந்தால் முதல் சில வாரம் யாருக்கும் தூக்கம் கெடும், பலருக்குத் தானாக அடங்கிவிடும், ஒரு மாதத்தைத் தாண்டியும் வேலையையும் குடும்பத்தையும் கெடுத்தால்தான் நோய் என்று பார்ப்பார்களாம். சிலருக்கு ஆறு மாதம் கழித்துக்கூட முழுசாகத் தெரியுமாம். யாராவது செத்திருக்க வேண்டும் என்றில்லை, உயிர் போகப்போகிறது என்ற நிலையில் இருந்தாலே போதும் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

செர்ட்ராலின் மாத்திரை எழுதிக் கொடுத்தார், வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். கவுன்சிலிங்கில் அந்த ராத்திரியை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுச் சொல்ல வைத்தார்கள், திரும்பத் திரும்ப. கொடுமையான வேலை, எழுந்து போய்விடலாம் என்றிருக்கும். அதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் பக்கம்: படகுத்துறையில் நிற்பது, கட்டியிருக்கிற படகில் உட்காருவது, அப்புறம் இஞ்சினைப் போட்டுவிட்டு உட்காருவது.

இப்போது தீவுக்குத் தெற்கே, தென்கடலில், மச்சானுடைய சின்ன நாட்டுப்படகான வத்தையில் பகலில் போய்வருகிறேன். ராத்திரிக் கடல் இன்னும் முடியவில்லை. மோட்டார் சத்தத்துக்கு நெஞ்சு படபடக்கும், ஆனால் உப்பு கரிப்பதில்லை.

டாக்டரிடம் போகிறவர்கள் "பயமா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த நாளில், எந்தச் சத்தத்துக்கு, எந்த வாடைக்கு உடம்பு என்ன செய்கிறது என்று சொல்லுங்கள். முடிந்தால் வீட்டில் ஒருத்தரைக் கூட்டிப் போங்கள், நமக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.